ரோல் பார்

ரோல் பார் என்பது, கார் புரளும்போது கூரை நசுங்கி ஓட்டுநரின் தலைமேல் இறங்காதபடி இருக்கைக்குப் பின்னால் நிறுத்தப்படும் எஃகுக் குழாய் வளைவு. தமிழில் உருள்காப்பு வளைவு எனலாம்; ஆனால் கராஜில் ரோல் பார் என்றால்தான் புரியும். கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் முடுக்கி ஓடும் டிராக் பந்தயத்தில் ஓரளவு வேகத்தைத் தாண்டிய கார்களுக்கு இது கட்டாயம். இதே வளைவை முன்பக்கமும் கொண்டுபோய் ஓட்டுநரைச் சுற்றி அடைத்தால் ரோல் கேஜ் எனப்படும் கூண்டு. திருப்பங்களில் கார் சாயாமல் பிடிக்க அடியில் பூட்டப்படும் ஆன்ரி-ரோல் பார் முற்றிலும் வேறு பொருள். பெயரில் பாதி ஒன்றாயிருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

கார் ஏன் புரள்கிறது

இலங்கையின் மன்னார்த் தீவில் டிராக் பந்தயத் திடல் கிடையாது. ஆனால் கார் புரளும் விதத்தை விளக்க அத்தீவின் வீதியே போதும். மேடு என்று சொல்ல எதுவும் இல்லாத நிலம். மதவாச்சியிலிருந்து வரும் ஏ14 வீதி கடலுக்கு நடுவே தாம்போதியைக் கடந்து, பேசாலை வழியாகத் தலைமன்னாரை நோக்கிப் போகிறது. தார் முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. தார்மேல் பக்கவாட்டில் வழுக்கும் கார் பெரும்பாலும் சுழன்று நிற்கும். அதே கார் ஓரத்து மணலில் இறங்கினால் ரயர் புதையும்; கீழ்ப்பாதி நின்றுவிட, மேற்பாதி வந்த வேகத்திலேயே போகும். காலில் கயிறு தட்டியவன் விழுவதும் இப்படித்தான். நேரே ஓடுவதால் டிராக் காருக்கு இந்த ஆபத்து இல்லை என்று நினைப்பது பிழை. புறப்படும் வேகத்தில் பின்சக்கரப் பிடி ஒரு பக்கம் விட்டுப்போனால் கார் நொடியில் குறுக்கே திரும்பிவிடும்.

பொது வீதியில் வேகம் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு மன்னாரில் இன்னொரு தடையும் உண்டு: வீதியில் தன்பாட்டில் திரியும் கழுதைகள். அவற்றில் மோதினால் ரோல் பார் எதற்கும் உதவாது.

ஓடுபாதையில் பிறந்த விளையாட்டு

டிராக் பந்தயம் வளர்ந்தது விமானத் தளங்களில். கலிபோர்னியாவின் சாந்தா ஆனா விமானத்தள ஓடுபாதையில் 1950இல் கட்டணம் வாங்கி நடத்திய பந்தயம் தொடங்கியது. மறு ஆண்டு வாலி பார்க்ஸ் நிறுவிய என்.எச்.ஆர்.ஏ. சங்கம், தெருவில் ஓடிய இளைஞர்களைத் திடலுக்குள் கொண்டுவந்து விதிகளை எழுதியது. நம் பக்கத்திலும் கதை அதேதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதையில் 1950களிலிருந்து பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடல் வந்தது. இலங்கையில் களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவில் பிரித்தானியக் கடற்படை விட்டுச்சென்ற வான்தளம் கார்ப் பந்தயத் திடலாயிற்று.

என்.எச்.ஆர்.ஏ.யின் பொது விதிப்படி கால் மைலை 11.00 முதல் 11.49 செக்கனுக்குள் ஓடும் காருக்கு ரோல் பார் வேண்டும். கூரை திறக்கும் காருக்கு 13.49 செக்கனிலேயே வேண்டும். 10.99 செக்கனோ அதற்குக் குறைவோ ஆனால் பொதுவாகக் கூண்டு. அண்மைக்காலத் தொழிற்சாலைக் கார்களுக்குச் சில தளர்வுகள் உண்டு.

பொருத்தும் முறை

வளைவின் வலிமை குழாயில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். குழாயைவிட, அது ஊன்றி நிற்கும் தரைத்தகடே முக்கியம். ஸ்போர்ட்ஸ் காரின் தரை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடு. அதன்மேல் வெறும் குழாயை நிறுத்தினால், கார் கவிழும்போது குழாய் மடங்காது. குடையின் முனை ஈரமண்ணில் இறங்குவதுபோல் தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கும். எனவே ஒவ்வொரு காலுக்கும் அடித்தகடு உண்டு. என்.எச்.ஆர்.ஏ. விதியில் அது 6 அங்குலச் சதுரம், எட்டில் ஒரு அங்குலத் தடிப்பு. போல்ட்டில் பூட்டுவதானால் தரைக்கு மேலும் கீழும் தகடு வைத்து நான்கு போல்ட் இடவேண்டும். பன்னாட்டு மோட்டார்ப் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் விதியில் வலுவூட்டும் தகட்டின் பரப்பு குறைந்தது 120 சதுர சென்ரிமீட்டர், தடிப்பு 3 மில்லிமீட்டர்.

என்.எச்.ஆர்.ஏ. விதியில் குழாய் 1¾ அங்குல வெளிவிட்டம் உள்ளது. சாதாரண மென்னெஃகானால் சுவர்த் தடிப்பு 0.118 அங்குலம், குரோமோலி எஃகானால் 0.083. அதே விதிப்படி குரோமோலியை டிக் வெல்டிங்கில் மட்டுமே ஒட்டலாம். கடையில் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் தண்ணீர்க் குழாய் இதற்கு ஆகாது. அதன் அளவு உள்ளே ஓடும் நீருக்காகச் சொல்லப்படுவது. துத்தநாகப் பூச்சு ஒட்டையும் கெடுக்கும், அதன் புகை ஒட்டுபவரின் நெஞ்சையும் கெடுக்கும்.

வேலை தொடங்குமுன் இருக்கை, கம்பளம், உட்கூரை எல்லாம் வெளியே வரவேண்டும். பற்றரியைக் கழற்றி, எரிபொருள் தாங்கியை அப்புறப்படுத்தி, தரையின் அடியில் பூசிய தார்ப்பூச்சைச் சுரண்ட வேண்டும். ஒட்டும்போது தீ பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். பிரதான வளைவை ஒட்டில்லாத ஒரே குழாயில், சூடாக்காமல் வளைக்கிறார்கள். மணல் நிரப்பிக் காய்ச்சி வளைக்கும் பழைய முறை வளைவின் வெளிச்சுவரை மெலிவிக்கும்.

அடுத்து ஓட்டுநர் ஹெல்மட்டோடு உட்கார்ந்து அளவு கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பின்னால் வருந்துபவர்கள் அதிகம். வளைவு ஹெல்மட்டுக்கு மேல் குறைந்தது 3 அங்குலம் உயர்ந்தும், தலையிலிருந்து 6 அங்குலத்துக்குள்ளும் இருக்க வேண்டும். பின்பக்கம் சாய்ந்து இறங்கும் இரு முட்டுக்குழாய்கள் உச்சியிலிருந்து 5 அங்குலத்துக்குள் சேரவேண்டும். தோள்பட்டை வார் கட்டும் குறுக்குக் குழாய் தோளின் மட்டத்தை ஒட்டியே இருக்க வேண்டும்; மிகக் கீழே போனால் வார் இறுகும்போது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும்.

முதலில் புள்ளி ஒட்டு, பிறகுதான் முழு ஒட்டு. இங்கே ஒரு சிக்கல் வரும். உச்சியின் ஒட்டுகளைச் சுற்றிவர முடிக்கக் கூரைக்கும் குழாய்க்கும் இடையில் கை நுழையாது. தேர்ந்தவர்கள் தரையில் கால்களுக்கு நேரே துளை வெட்டி, வளைவை அத்துளைகளுக்குள் இறக்கி உச்சியை ஒட்டிவிட்டு, மறுபடி தூக்கி அடித்தகட்டின்மேல் நிறுத்துவார்கள். முடிந்த ஒட்டைத் தேய்த்து வழுவழுப்பாக்குவது நம் பட்டறைகளின் பெருமை. பந்தயப் பரிசோதகரிடம் அது செல்லாது, தேய்க்கும்போது வலுவும் தேய்வதால் விதியே அதைத் தடுக்கிறது. குழாயின் தடிப்பை அளக்க ஒரு சிறு துளையும் இடவேண்டும்.

கரையோரத்தில் துரு

மன்னார்க் கரையில் வைத்திருக்கும் காருக்கு இதோடு வேலை முடியாது. தென்மேல் பருவக்காற்று மாதக்கணக்கில் உப்பை அள்ளி வீசும் இடம் அது. 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி நிலையம் 2020 டிசம்பரில் அங்கே திறக்கப்பட்டதும் அந்தக் காற்றின் வலுவினால்தான். ஒட்டிய இடத்தில் தொழிற்சாலைப் பூச்சு எரிந்து போயிருக்கும். மேல்பக்கம் பெயின்ற் அடித்துவிடலாம். ஆனால் இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடுக்கில் உப்புநீர் தங்கிவிடும். குழாயில் போட்ட துளையையும் அடைக்காவிட்டால் உள்ளிருந்தே துருவேறும். ஓட்டுநரின் உயிரைத் தாங்கவேண்டிய இடம்தான் முதலில் அரிபடுகிறது. வளைவு மட்டும் வெளியே பளபளவென்று நிற்கும்.

தெருவில்

பந்தய இருக்கை வார்களும் ஹெல்மட்டும் இல்லாமல் ரோல் பாரோடு தெருவில் ஓடுவது நல்லதல்ல. சாதாரண இருக்கை வாரில், பின்னிருந்து ஒரு இடி வாங்கினால் தலை பின்னால் போய் எஃகில் அடிக்கும். தலை எட்டும் தூரமெங்கும் கடினமான பந்தயப் பஞ்சு சுற்றவேண்டும். மெத்தைப் பஞ்சு அந்த அடியில் கடதாசிபோல் நசுங்கிவிடும். பின்னிருக்கையில் பிள்ளைகளை ஏற்றும் காரில் இது கூடவே கூடாது.

இந்த வளைவு காக்கும் எல்லை காருக்குள்ளே இருப்பவரோடு முடிகிறது. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்மேல் பாய்ந்து ஏழு பேர் இறந்தனர். அவர்களுக்கு வேண்டியிருந்தவை மண் அணையும் தூரமும்.

பொருத்திய வளைவை ஆண்டுக்கொருமுறை பார்க்க வேண்டும். காரைத் தூக்கி, அடித்தகட்டைச் சுற்றிச் சிறு சுத்தியலால் தட்டுவார்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். துருப்பிடித்த தகடு தொப்பென்று கேட்கும். ஐயமிருந்தால் திருப்புளி முனையால் குத்திப் பார்ப்பது வழக்கம். முனை உள்ளே போனால் அந்தத் தரையை வெட்டி மாற்றியபிறகே கார் மறுபடி திடலுக்குப் போகலாம்.