செல்லரித்த ஏடும் ஒளிப்படத் திருத்தமும்

தேவாரத் திருமுறைகள் மீண்டும் உலகுக்குக் கிடைத்த வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் உரைக்கின்றது. தில்லைத் திருக்கோயிலில் மூவர் கையடையாளத்தோடு காப்பிடப்பெற்றிருந்த அறையைச் சோழ மன்னன் திறப்பித்தபோது ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்ததென்றும், எண்ணெய் சொரிந்து புற்றினை அகற்றியபின் எஞ்சியவை சிலவே என்றும் அந்நூல் கூறும். எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பிகள் முறைப்படுத்தியருளினார். இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. செல்லரித்த பாடல்களுக்கு ஈடாக ஒரு பாடலேனும் புனைந்து சேர்த்ததாக அப்புராணம் கூறவில்லை. போனது போனதாகவே விடப்பட்டது.

அவ்விழப்பில் ஒரு சிறு பகுதி பன்னூறு ஆண்டுகட்குப் பின்னர்க் கல்லிலிருந்து மீண்டது. ஏட்டுப் பிரதிகளில் காணப்பெறாத திருஞானசம்பந்தரது திருவிடைவாய்ப் பதிகம் 1917-ஆம் ஆண்டில் அத்தலத்துக் கல்வெட்டிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. ஓலை இழந்ததைக் கல் காத்தது. எல்லா நூலுக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை; பெரும்பாலான நூல்களுக்கு ஓலையே புகலிடமாக இருந்தது.

ஓலையின் வாழ்நாளோ சில நூற்றாண்டுகளே. அது நைந்தபோது புதிய ஓலையிற் படியெடுத்துக்கொண்டு, பழையதை ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விடுவது வழக்கமாயிருந்தது. படியெடுப்போர் குறைந்து, ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் எஞ்சிய காலத்தில் எத்தனை நூல்கள் நீரோடு போயின என்று எண்ணவும் நெஞ்சு பதறும்.

இந்நிலையிற் புகுந்து உழைத்தவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். 1894-இல் அவர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268-ஆம் பாட்டுக்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுக்களில் அடிகளும் சொற்களும் சிதைந்திருந்தன. அத்தகைய பெரும்புலவர்க்கு இரண்டோர் அடி இயற்றி இட்டு நிரப்புதல் அரிதன்று. ஆயினும் அவர் வெற்றிடத்தைப் புள்ளிகளாற் காட்டினார். பின்வருவோர் வேறு சுவடி கண்டு நிரப்புதற்கு அப்புள்ளிகளே வழிவிட்டு நிற்கின்றன.

இன்று ஏட்டைக் காப்போர் கையில் வேறொரு கருவி வந்துள்ளது. ஏட்டினை ஒளிப்படமாக எடுத்துக் கணிப்பொறியில் ஏற்றி, கண்ணுக்குப் புலப்படாத எழுத்தைப் புலப்படுத்தும் முறை அது. 1990-ஆம் ஆண்டில் வெளிவந்த போட்டோஷாப் முதலிய படத்திருத்த மென்பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன. இம்முறை எவ்வாறு இயல்கின்றது என்பதை அன்பர்கள் அறிந்திருத்தல் நன்று.

ஓலையெழுத்து மையால் வரையப்படுவதன்று, எழுத்தாணியாற் கீறப்படுவது. கீறியபின் விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் கலந்து தடவித் துடைத்தால், கரி கீறலுள் தங்கி எழுத்துக் கருமையாகத் தோன்றும். நாளடைவிற் கரி உதிரும். ஓலையும் பழுத்துக் கருகும். அப்போது எழுத்தும் ஓலையும் ஒரே நிறமாய் விடுகின்றன. அத்தகைய ஏட்டின்மீது நேரே விளக்கு வைத்துப் படமெடுத்தால் வெறும் ஓலையே தோன்றும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்தாலோ, ஒவ்வொரு கீறலின் கரையும் சிறு நிழல் எறிந்து எழுத்து எழுந்து நிற்கும். விளக்கைப் பல திசைகளில் மாற்றிமாற்றி வைத்து எடுத்த படங்களைக் கணிப்பொறியில் ஒன்றுசேர்த்து நோக்கும் முறையும் உண்டு.

கரி எஞ்சியிருந்து ஓலை மட்டும் கறைபட்டிருப்பின் வேறு வழி. கண்காணா அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் ஓலையின் பழுப்பும் நீர்க்கறையும் வெளுத்துப்போகக் கரி மட்டும் கருமை மாறாது நிற்கும். கரி அவ்வொளியை விழுங்கிவிடுவதே காரணம். அக்கருவி இல்லாதவிடத்துச் சாதாரண வண்ணப்படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்து, எதில் எழுத்துத் தெளிவோ அதனை மட்டும் கொண்டு, கருமை வெண்மை வேறுபாட்டை மிகுவித்துப் படிக்கலாம்.

இம்முறையின் ஆற்றலை உலகறியச் செய்தது தமிழ் ஏடன்று. ஒரு கிரேக்கத் தோற்சுவடி. ஆர்க்கிமிடீசு என்னும் கணித மேதையின் நூல்கள் பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற சுவடி அது. 1229-ஆம் ஆண்டளவில் ஒரு கிறித்தவ குரு அவ்வெழுத்தைச் சுரண்டிவிட்டுத் தோலைத் திருப்பித் தம் வழிபாட்டு நூலை அதன்மேல் எழுதிக்கொண்டார். தோல் அருமையான பொருளாதலின் அக்காலத்தில் அது பழியன்று. 1906-இல் ஐபர்க்கு என்னும் தென்மார்க்கு நாட்டு அறிஞர் கான்சுடாண்டிநோபிளில் இதனைக் கண்டு அடியெழுத்தை இயன்றவரை படித்தார். பின்னர்ச் சுவடி மறைந்தது, பூஞ்சை பிடித்தது, சில பக்கங்களின்மீது பொன்வண்ணப் போலி ஓவியங்களும் தீட்டப்பட்டன. 1998-இல் நியூயார்க்கில் இருபது இலட்சம் டாலருக்கு அது ஏலம் போயிற்று. வாங்கியவர் அதனைப் பால்டிமோர் நகரத்து வால்டர்சு கலைக்கூடத்தில் ஆய்வுக்கென ஒப்படைத்தார்.

அங்கே ஒவ்வொரு பக்கத்தையும் பல்வேறு நிற ஒளிகளிற் படமெடுத்துக் கணிப்பொறியில் இணைத்தனர். மேலெழுத்து ஒரு நிறமாகவும் அழிக்கப்பட்ட அடியெழுத்துச் செந்நிறமாகவும் பிரிந்து தோன்றின. போலி ஓவியங்களுக்கு அடியிலிருந்த எழுத்தை, மையிலுள்ள இரும்பைக் காட்டும் எக்சுக்கதிர் கொண்டு 2005 முதலாக ஸ்டான்போர்டில் வெளிக்கொணர்ந்தனர். அதே சுவடியுள் ஐப்பெரைடீசு என்னும் நாவலரின் உரைகளும் வெளிப்பட்டன. படங்கள் யாவும் 2008-இல் எவரும் பயன்கொள்ளுமாறு வழங்கப்பட்டன. செல்வர் ஒருவர் வாங்கிய பொருள் உலகுக்குக் கொடையாயிற்று. பெயரை வெளியிட வேண்டாமென்று அவர் விரும்பியது இன்னுஞ் சிறப்பு.

நம் நாட்டிலும் இவ்வகைச் செல்வம் உண்டு. 1955-இல் தொடங்கப்பெற்ற புதுவைப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில் சிவாகமச் சுவடிகள் ஊர்தோறும் தேடித் தொகுக்கப்பட்டன. சிவாசாரியர் இல்லங்களிலும் மடங்களிலும் கிடந்த ஏடுகள் அவை. பெரும்பாலானவை கிரந்த எழுத்தின. புதுவையிலுள்ள இச்சைவச் சுவடித் தொகுதியை 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. கும்பாபிடேகக் கிரியைகள் எந்த ஆகமப்படி நடைபெறுகின்றனவோ, அந்த ஆகமங்களுட் பல இத்தகைய ஏடுகளாலேயே நமக்குக் கிட்டின.

இனி, இக்கருவியால் வரும் ஆபத்தையும் கூறுதல் வேண்டும். ஓலையெழுத்தில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. படிப்பவர் பொருள் நோக்கியே இவற்றை அறிகின்றார். பூச்சியரித்த துளை ஒரு சுழிபோலத் தோன்றும். நுண்ணிய கீறல் ஒரு கொம்பாகவும் இருக்கலாம், வெறும் வெடிப்பாகவும் இருக்கலாம். தூசியையும் கீறலையும் தானே நீக்கும் மென்பொருளுக்கு இவ்வேறுபாடு தெரியாது. அழகு கருதி வெடிப்பைத் துடைப்பவர் எழுத்தையும் துடைத்துவிடுவார். எல்லை மீறிக் கூர்மையேற்றினால் இல்லாத கோடுகள் முளைக்கும்.

அண்மையிற் பரவியுள்ள செயற்கை நுண்ணறிவு இதனினும் கொடிது. சிதைந்த இடத்தைச் சுட்டி நிரப்பு என்றால், அக்கம்பக்கத்து எழுத்துப்போலவே ஓர் எழுத்தை வரைந்து தரும். ஓலையின் நிறமும் கரியின் சாயலும் மூலத்தோடு ஒத்திருக்கும். கையெழுத்துப் பிரதியில் ஒருவர் பொய்யாகச் சேர்த்தால் எழுத்தின் போக்கே காட்டிக்கொடுக்கும். இங்கே அச்சான்றும் இல்லை. ஆகமத்தில் ஒரு விதிவாக்கியத்து எதிர்மறைச் சொல் சிதைந்திருக்க, அவ்விடத்தைப் பொறி உடன்பாடாக நிரப்புமாயின், விலக்கு விதியாய்விடும். அதனைப் பார்த்துக் கிரியை செய்வோர் அறியாமலே பிழைபடுவர்.

ஆதலின் அறிந்தோர் மூலப்படத்தை ஒருபோதும் திருத்துவதில்லை. சுருக்கப்படாத கோப்பாக அதனைத் தனியே வைத்து, திருத்தமெல்லாம் படியொன்றில் வேறு அடுக்குகளிற் செய்து, செய்தது இன்னதென்று எழுதியும் வைப்பர். ஏட்டருகில் அளவுகோலும் நிற அட்டையும் வைத்தே படமெடுப்பர். படிக்க இயலாத இடத்தைப் படிக்க இயலாதது என்றே குறிப்பர்.

தம் இல்லத்துப் பரணில் ஏட்டுக்கட்டு வைத்திருக்கும் அன்பர்கள் அதனைத் தாமே எண்ணெயிட்டுத் துடைத்தலும், உடைந்த ஓலையைப் பசைநாடாவால் ஒட்டுதலும், பிளாஸ்டிக் உறையில் அடைத்தலும் தவிர்க. ஓலைகளின் வரிசையைக் கலைக்காமல், இருபுறமும் ஒவ்வொன்றாய், பக்க ஒளியில் முதலிற் படமெடுத்துவிடுக. முனை ஒடிந்து உதிர்ந்த துண்டுகளையும் ஒரு தாளுறையிலிட்டுக் கட்டோடு சேர்த்து வைக்க. துண்டின் எழுத்தை அதன் ஓலையோடு பொருத்திப் பார்ப்பது இப்போது படத்திலேயே இயலும்.