தோல்வியுற்ற படமும் ஒளிநாடாவும்: 'பிக் ட்ரபிள் இன் லிட்டில் சைனா' பற்றிய ஒரு மீள்நோக்கு

திரைப்பட வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மக்கள் திரண்டு பார்த்த படங்களும், விமர்சகர் போற்றிய படங்களும், பரிசில் பெற்ற படங்களும் அதன் அத்தியாயங்களை நிரப்புகின்றன. சில வாரங்களிலேயே படமாளிகைகளை விட்டு நீங்கிய படங்களோ அடிக்குறிப்புகளாக எஞ்சுகின்றன. ஆயின், 1980 களில் வீடுகளுக்குள் நுழைந்த ஒளிநாடா இவ்வொழுங்கினைக் குலைத்தது. படமாளிகையில் தோல்வியுற்ற படம் வரவேற்பறையில் மறுபிறவி எடுக்கலாயிற்று. அவ்வாறு மறுபிறவி எடுத்தவற்றுள் 1986 ஆம் ஆண்டு யூலை 2 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவில் வெளியான 'பிக் ட்ரபிள் இன் லிட்டில் சைனா' விதந்து கூறத்தக்கது. குங்பூச் சண்டையும் மாயவித்தையும் நகைச்சுவையும் ஒன்றாகக் குழைந்த இப்படத்தைக் கேளிக்கை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. எனினும், சீனர் பற்றி அமெரிக்கத் திரை நெடுங்காலம் பேணிவந்த கற்பனைகளுள் எதனை இது உடைத்தது, எதனை உடையாது விட்டது என்னும் வினாக்களை எழுப்பும்போது இஃது ஒரு வரலாற்று ஆவணமாகிவிடுகின்றது. அவ்வினாக்களை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படமாளிகையிலிருந்து வீட்டுக்கு

பெரும்பான்மையோர் புறக்கணித்த ஒரு படத்தைச் சிறுகுழுவினர் தமதென உரிமை பாராட்டிப் பன்முறை பார்த்து மகிழும் வழக்கம் ஒளிநாடாவுக்கு முற்பட்டது. 1970 களின் தொடக்கத்தில் நியூயோர்க்கின் எல்ஜின் படமாளிகையில் 'எல் டொப்போ' நள்ளிரவுக் காட்சியாக ஓடியது. 1976 இல் அந்நகரின் வேவர்லி படமாளிகையில் 'த றொக்கி ஹொரர் பிக்சர் ஷோ' நள்ளிரவில் காட்டப்பட்டபோது, பார்வையாளர் வேடமணிந்து வந்து திரையோடு உரையாடத் தொடங்கினர். ஆயினும் இவ்வழக்கம் பெருநகரங்களுக்கே உரியதாயிருந்தது.

யப்பானிய நிறுவனங்களான சொனி 1975 இல் பீற்றாமக்ஸ் முறையையும், ஜே.வி.சி. 1976 இல் வீ.எச்.எஸ். முறையையும் அறிமுகஞ் செய்தன. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டில் பதிவு செய்தல் சட்டவிரோதமென ஹொலிவூட் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 1984 ஜனவரியில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் சொனி நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. விலைக்கு வாங்கிய நாடாவை வாடகைக்கு விடும் உரிமை கடைக்காரருக்கு ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது. ஆகவே சிற்றூர்களிலும் வீடியோக் கடைகள் பெருகின. 1985 இல் டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் தொடங்கிய புளொக்பஸ்ரர் பின்னர் நாடெங்கும் கிளை பரப்பியது.

வாடகைக் கடையின் தட்டில் வெற்றிப்படமும் தோல்விப்படமும் அருகருகே நின்றன. முதல் வார வசூலை அங்கு எவரும் கேட்பதில்லை. சித்திரம் கவர்ந்த நாடாவை எடுத்துச் சென்று நண்பரோடு பார்ப்பர். பிடித்ததாயின் மறுவாரமும் எடுப்பர். படமாளிகையின் தீர்ப்பு இறுதித் தீர்ப்பாக இருந்த நிலை இவ்வாறு மாறியது.

படத்தின் தோற்றமும் தோல்வியும்

இப்படத்தின் மூலத் திரைக்கதையை எழுதியோர் கேரி கோல்ட்மன், டேவிட் வைன்ஸ்டைன் ஆகிய இருவர். அவர்கள் வகுத்த கதை 1880 களில் நிகழ்வது. குதிரையை இழந்த மேற்குப்புற வீரன் ஒருவனைப் பற்றியது. டபிள்யூ.டி. றிக்டர் அதனை நிகழ்காலத்துக்கு மாற்றியமைத்தபோது குதிரை லொறியாயிற்று. 'ஹலோவீன்' (1978) படத்தால் புகழ்பெற்ற ஜோன் கார்ப்பென்டர் இயக்கினார். அவரோடு பலமுறை பணியாற்றிய கேர்ட் றசல், ஜக் பேட்டன் என்னும் லொறிச் சாரதியாக நடித்தார்.

கதை எளிது. ஜக்கின் நண்பனான வாங் சீ, தன் மணமகளான மியாவோ யின்னை வரவேற்க விமான நிலையம் செல்கின்றான். அவள் அங்கே கடத்தப்படுகின்றாள். சான் பிரான்சிஸ்கோ சீனநகரின் அடியில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சாபத்தால் உடலிழந்து வாழும் லோ பான் என்னும் மாயவாதி, பச்சைக் கண்ணுடைய பெண்ணை மணந்து சாபந் தீர்க்க முனைகின்றான். இடி, மழை, மின்னல் எனப் பெயர்கொண்ட மூவர் அவனுக்குக் காவலர். நண்பர்கள் பாதாளம் புகுந்து பெண்ணை மீட்கின்றனர்.

படத்துக்கான செலவு 19 மில்லியன் டொலர் முதல் 25 மில்லியன் டொலர் வரை எனப் பலவாறாகக் கூறப்படும். அமெரிக்கப் படமாளிகைகளில் கிடைத்த வசூலோ ஏறத்தாழ 11 மில்லியன் டொலரேயாகும். இரு வாரங்களில் வெளிவந்த 'ஏலியன்ஸ்' மக்களின் கவனத்தை ஈர்த்துக்கொண்டது. ஆயினும் தோல்விக்கு உள்ளார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. சுவரொட்டியில் வீரனாக நின்றவன் திரையில் வீரனாக இல்லை. இதனை உணர்ந்த தயாரிப்பு நிறுவனத்தினர், ஜக் பேட்டனின் துணிவை ஒரு முதியவர் சட்டத்தரணியிடம் புகழ்ந்துரைக்கும் காட்சியொன்றைத் தொடக்கத்தில் சேர்க்கச் செய்தனர். நாயகன் நாயகனே என்பதைப் பார்வையாளருக்குச் சொல்லிவைக்க வேண்டிய நிலை! இத்தோல்வியின் பின் கார்ப்பென்டர் பெருநிறுவனத்தை விட்டு விலகி, 'பிரின்ஸ் ஒவ் டாக்னெஸ்' (1987), 'தே லிவ்' (1988) ஆகிய சிறுசெலவுப் படங்களுக்குத் திரும்பினார்.

நாயகனும் தோழனும்

இப்படத்தின் நகையைப் புரிந்துகொள்ள அதற்கு முந்திய இருபதாண்டுகளை நோக்குதல் வேண்டும். 1966-67 இல் ஒளிபரப்பான 'த கிறீன் ஹோர்னெற்' தொலைக்காட்சித் தொடரில் புரூஸ் லீ, வெள்ளை நாயகனின் சாரதியான கேட்டோவாக நடித்தார். சண்டையில் வல்லவன் சாரதி. புகழ் பெறுபவனோ முதலாளி. 1972 இல் தொடங்கிய 'குங்பூ' தொடரில் சீனத் துறவியின் பாத்திரமே வெள்ளை நடிகரான டேவிட் கரடைனுக்குச் சென்றது. 1973 இல் ஹொங்கொங் சண்டைப்படங்கள் அமெரிக்க நகரங்களில் பேரலையாக எழுந்தன. அவ்வாண்டு யூலை 20 இல் புரூஸ் லீ காலமானார்; அவர் நாயகனாக நடித்த 'என்டர் த டிராகன்' அடுத்த மாதமே அமெரிக்காவில் வெளிவந்தது.

மறுபுறம் ஹொங்கொங் சினிமா தன்வழியே வளர்ந்தது. ஜக்கி சான் நடித்த 'டிரங்கன் மாஸ்ரர்' (1978) சண்டையையும் நகைச்சுவையையும் பிரிக்கவியலாதவாறு இணைத்தது. சுய் ஹார்க்கின் 'சூ' (1983) பறக்கும் வாள்வீரரையும் மாயவித்தைகளையும் திரையில் நிறைத்தது. கார்ப்பென்டரின் படத்துக்கு இவ்விரண்டாவது படம் நேரடித் தூண்டுதலாயிற்று. இடியாக நடித்த கார்ட்டர் வொங், 1970 களில் ஹொங்கொங் சண்டைப்படங்களில் நாயகனாகவே நடித்தவர் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இப்பின்னணியில் வைத்து நோக்கும்போதே ஜக் பேட்டனின் உண்மை உருவம் புலப்படும். அவன் வாய்வீச்சில் வல்லவன், செயலில் தடுமாறுபவன். இறுதிப் போர் தொடங்கும் கணத்தில் ஆரவாரத்தோடு துப்பாக்கியை மேல்நோக்கிச் சுடுகின்றான். கூரைக்கல் பெயர்ந்து அவன் தலையில் விழ, மயங்கிக் கிடக்கின்றான். அவ்வேளை வாங் சீ வாளேந்தி வான்வழி பாய்ந்து பொருதுகின்றான். பின்னர் எழும் ஜக், உதட்டில் ஒட்டிய பெண்ணின் உதட்டுச்சாயத்தோடு வீரவசனம் பேசுகின்றான். லோ பானைக் கொல்பவன் அவனே. ஆயினும் அவன் எறிந்த கத்தி முதலிற் குறிதவறுகின்றது. எதிரி திருப்பியெறிந்த அதே கத்தியைப் பிடித்து வீசும்போதுதான் வெற்றி கிட்டுகின்றது. தன்னை நாயகன் எனக் கருதிக்கொள்ளும் தோழனே ஜக் என இயக்குநரும் பின்னாளிற் கூறியுள்ளார். கேட்டோவும் முதலாளியும் இங்கே இடம் மாறியுள்ளனர். முதலாளி மட்டும் அதனை அறியான். இதுவே இப்படத்தின் நகைக்கு ஊற்று.

மிகையையும் செயற்கையையும் அறிந்தே சுவைக்கும் நோக்கினைச் சூசன் சொன்ராக் 1964 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் 'காம்ப்' என்ற பெயரால் ஆராய்ந்தார். இப்படத்தின் பச்சை மின்னலும், கோபத்தால் உடல் வீங்கி வெடிக்கும் இடியும், ஒளிவிளக்குகள் நிறைந்த திருமண மண்டபமும் அத்தகையனவே. இங்கு மிகை ஒரு கருத்தையும் சுமந்து நிற்கின்றது: வீரம் என்பதே ஒரு வேடம் என்பதே அது.

சீனநகரின் நிழல்

ஆயின், வெள்ளை நாயகனைக் கேலி செய்த இப்படம் சீனரைப் பற்றிய பழங்கற்பனையை விட்டு முற்றாக விடுபட்டதா? இல்லை என்றே கூறல் வேண்டும்.

1882 இல் நிறைவேறிய சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுத்தது. 1943 வரை அது நீக்கப்படவில்லை. 1906 ஆம் ஆண்டின் நிலநடுக்கமும் தீயும் சான் பிரான்சிஸ்கோ சீனநகரை அழித்தபோது, சீனரை நகரின் ஓரத்துக்கு அகற்றிவிட முயற்சி நடந்தது. சீன வணிகர் முந்திக்கொண்டனர். வெள்ளைக் கட்டடக் கலைஞரைக் கொண்டு, கோபுரக் கூரையும் வண்ண அலங்காரமுமாக நகரை மீளக் கட்டுவித்து, அதனை உல்லாசப் பயணிகள் விரும்பும் இடமாக்கினர். பிறர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த கற்பனையையே தமக்கு அரணாக்கிக்கொண்ட மக்களின் தந்திரம் அது. சீனநகரின் தோற்றமே ஒருவகையிற் காட்சியரங்கு எனலாம். படத்தில் முதியவரான எக் ஷென் உல்லாசப் பயணிகளுக்குப் பேருந்து ஓட்டிப் பிழைப்பவர். உண்மையான மாயவித்தையையோ தம்மவருக்காகவே காத்து வைத்திருப்பவர். அப்பாத்திரத்தை ஏற்ற விக்டர் வொங் அந்நகரிற் பிறந்து அதே சீனநகரில் வளர்ந்தவர் என்பது பொருத்தமானது.

எனினும், லோ பான் யார்? 1913 இல் சக்ஸ் றோமரின் நாவலில் தோன்றிய பூ மஞ்சு என்னும் கொடியவனின் வழித்தோன்றலே. நீண்ட நகமும், பட்டாடையும், பெண் கவரும் வேட்கையும், நிலத்தடி மாளிகையும் அங்கிருந்து வந்தவை. சீனநகரின் அடியில் இரகசியச் சுரங்கங்கள் உள்ளன என்ற பழங்கதையும் அவ்வாறே. மியாவோ யின் படத்தில் ஏறக்குறையப் பேசுவதேயில்லை. அவள் மீட்கப்பட வேண்டிய பொருளாகவே நிற்கின்றாள். நாயகனைத் தலைகீழாக்கிய திரைக்கதை வில்லனையும் பெண்ணையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பூ மஞ்சுவாக வோனர் ஓலண்ட், போரிஸ் கார்லொவ், கிறிஸ்தோபர் லீ முதலிய வெள்ளையரே நடித்தனர். லோ பானாக நடித்தவரோ ஜேம்ஸ் ஹொங். 1929 இல் மினியாபொலிஸ் நகரிற் பிறந்த அவர், ஆசிய அமெரிக்க நடிகருக்கெனத் தோன்றிய ஈஸ்ற் வெஸ்ற் பிளேயர்ஸ் நாடகக் குழுவை 1965 இல் நிறுவியவர்களுள் ஒருவர். சக்கர நாற்காலியில் முணுமுணுக்கும் கிழவனையும் கம்பீரமான பேயுருவையும் ஒருங்கே நடித்து, பழைய முகமூடியை உள்ளிருந்தே எள்ளி நகையாடினார். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும் முகமூடியை அணிந்தவர் மாறியமையால் முகமூடி மறைந்துவிடாது. நடிகரின் திறமைக்கும் அவருக்குத் திரையுலகு அளித்த இடத்துக்குமுள்ள இடைவெளியே வரலாற்று மாணவன் கருத்திற் கொள்ள வேண்டியது. ஹொலிவூட்டின் நடைபாதையில் அவருக்கு நட்சத்திரம் பதிக்கப்பட்டது 2022 இல். அப்போது அவருக்கு வயது 93.

நாடா காட்டியதும் மறைத்ததும்

ஒளிநாடாவிற் படத்தைக் கண்டவர், படமாளிகையிற் கண்டவர் பெறாத ஒரு வசதியைப் பெற்றனர். நிறுத்தலாம், பின்னோக்கிச் சுழற்றலாம். ஜக்கின் தடுமாற்றங்கள் கணத்திற் கடந்துபோகும் தன்மையன. முதன்முறை பார்ப்பவன் நாயகனின் வெற்றியை எதிர்பார்த்திருப்பதால் அவற்றைக் குறையாகக் கொள்வான். மூன்றாம் முறை பார்ப்பவன் அவையே படத்தின் கருத்தெனக் காண்பான். மறுபார்வையை வேண்டிநின்ற படத்துக்கு மறுபார்வைக்கான கருவி கிடைத்தமையே அதன் மறுவாழ்வுக்குக் காரணம்.

ஆனால் நாடா மறைத்ததும் உண்டு. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி இப்படத்தை 2.35 க்கு 1 என்ற அகன்ற சட்டகத்திற் பதிவு செய்தார். அக்காலத் தொலைக்காட்சித் திரையின் விகிதம் 1.33 க்கு 1. திரையை நிரப்புதற்குப் படத்தின் இருபுறமும் வெட்டுதலே பொதுவழக்காயிருந்தது. அவ்வாறு வெட்டும்போது சட்டகத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இழக்கப்படும். இருவர் அருகருகே நிற்கும் காட்சியில் ஒருவரைத் தெரிந்தெடுத்து மற்றவரை விடவேண்டி நேரும். இருவரின் சமநிலையிலேயே பொருள் தங்கியுள்ள ஒரு படத்துக்கு இவ்விழப்புச் சிறிதன்று. 2001 இல் வெளிவந்த டி.வி.டி. பதிப்பு முழு அகலத்தையும் மீட்டது.

இதற்கிடையே படத்தின் செல்வாக்கு வேறு துறைக்கும் பரவியது. 1992 இல் வெளியான 'மோர்ட்டல் கொம்பற்' என்னும் வீடியோ விளையாட்டில் அகன்ற தொப்பியும் மின்னலும் கொண்ட றெய்டன், இப்படத்தின் மின்னலின் சாயலிற் பிறந்தவன்.

ஒளிநாடாவின் காலமும் முடிந்துவிட்டது. புளொக்பஸ்ரர் 2010 இல் வங்குரோத்து நிலையை அறிவித்தது, வீ.எச்.எஸ். கருவிகளை இறுதிவரை தயாரித்த யப்பானின் பூனாய் நிறுவனம் 2016 இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயினும் நாடா விட்டுச்சென்ற பாடம் எஞ்சியுள்ளது. வசூற் கணக்கு ஒரு காலத்தின் எதிர்பார்ப்பைக் கூறும். படைப்பின் பொருளை முழுமையாகக் கூறாது. அதேபோல, பற்றாளரின் பாசமும் முழுமையான சான்றன்று. அவர்கள் நாயகனின் வீழ்ச்சியைக் கண்டு மனமாரச் சிரித்தனர். மௌனமாக நின்ற மணமகளைப் பெரும்பாலும் காணவில்லை. 'பிக் ட்ரபிள் இன் லிட்டில் சைனா' பாதி உடைத்த சிலை. உடைந்த பாதியை மெச்சி, உடையாத பாதியைச் சுட்டுதலே இப்படத்தை இன்று மீளப் பார்ப்பவரின் கடமையாகும்.