தணிக்கை: மலாக்கா ரப்பர் தோட்டம் முதல் மலேசியக் கம்பெனிச் சட்டம் வரை

தணிக்கை என்பது ஒரு நிறுவனம் தயாரித்த நிதி அறிக்கை அதன் உண்மையான நிலையை நேர்மையாகக் காட்டுகிறதா என்று, அந்த நிறுவனத்தைச் சாராத கணக்கர் ஒருவர் சான்றுகளைத் தேடிப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பணி. கணக்கு எழுதுவதும், மோசடி நேராமல் தடுப்பதும், ஆண்டறிக்கை தயாரிப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. தணிக்கையாளர் தருவது கருத்து மட்டுமே. அதுவும் முழு உறுதியன்று, நியாயமான அளவு உறுதி. இந்த வரம்பு எங்கே நிற்க வேண்டும் என்ற வழக்கே தணிக்கையின் வரலாறு. பணம் போட்டவர் ஓரிடத்திலும் அதை நடத்துபவர் வேறிடத்திலும் இருக்கும்போதுதான் இந்தப் பணி தேவைப்படுகிறது. மலேசியாவில் அதற்கு மலாக்காவின் ரப்பர் தோட்டங்களை விடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

கணக்குக் காட்டும் கடமை தமிழருக்குப் பழையது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), வாரியங்களில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவர் ஆக்குகின்றன. ஆனால் அது கணக்கு ஒப்படைக்கும் முறையே. வெளியாள் ஒருவர் ஊதியம் பெற்று, சார்பின்றிச் சோதிக்கும் முறையன்று. அது பங்குக் கம்பெனிகளோடு பிறந்தது. பிரிட்டனில் 1844ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் தணிக்கையாளரை நியமிக்கச் சொன்னது. 1854இல் எடின்பரோவில் கணக்கர்களுக்கு முதல் சங்கம் அமைந்தது. 1900ஆம் ஆண்டுச் சட்டம் பதிவான கம்பெனிகள் அனைத்துக்கும் ஆண்டுத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது.

அந்தச் சட்டம் வந்த காலத்தில்தான் மலாக்காவில் ரப்பர் காலூன்றியது. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார்; பிறகு ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அந்தத் தோட்டம் பின்னர் லண்டனில் பதிவான கம்பெனியின் கைக்குப் போனது. பங்குதாரர் இங்கிலாந்தில் இருந்தனர். மரமும் பாலும் மலாக்காவில் இருந்தன. இடையில் நின்று நிர்வாகம் பார்த்தவை ஏஜென்சி நிறுவனங்கள். அவற்றுள் ஒன்றான சைம் டார்பி, வில்லியம் சைம், ஹென்றி டார்பி இருவராலும் 1910இல் மலாக்காவிலேயே தொடங்கப்பட்டது. ஏஜென்சி சார்பில் அவ்வப்போது தோட்டத்துக்கு வந்து மரங்களையும் செலவையும் பார்த்துப் போனவர் விசிட்டிங் ஏஜென்ட். இன்றைய சொல்லில் உள்தணிக்கைக்கு மிக நெருங்கியது அந்த வருகைதான். லண்டனில் கையெழுத்திட்ட தணிக்கையாளர் பெரும்பாலும் இவர்கள் அனுப்பிய தாள்களை நம்பியே கருத்துச் சொன்னார்.

அந்தத் தாள்களுக்கெல்லாம் அடிவேர் தோட்ட ஆபீசில் இருந்த செக்ரோல் என்னும் ஆள்பதிவேடு. விடியுமுன் பெரட்டில் தொழிலாளர் வரிசையாக நிற்க, பேர் எடுக்கப்படும். கிராணி என்னும் தோட்ட எழுத்தர் அதைச் செக்ரோலில் ஏற்றுவார். கிராணிகளில் பலர் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும்; பால்வெட்டும் தமிழருக்கும் ஆங்கிலம் பேசும் துரைக்கும் நடுவே கணக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள். நண்பகலில் பால் ஸ்டோரில் பால் அளக்கப்படும். தண்ணீர் கலந்திருந்தால் தெரிய மெட்ரோலாக் என்னும் கருவி உண்டு. வாளியில் உள்ள பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதை அது காட்டும். கட்டிப்பாலுக்கும் ஓட்டுப்பாலுக்கும் தனி நிறுவை.

இங்கே தணிக்கைக்குரிய இடர் எது என்பதை வேறு பாடநூல் தேவையின்றிப் புரிந்துகொள்ளலாம். தன் கீழுள்ள ஆட்களில் வேலைக்கு வந்தவர் தலைக்கு இவ்வளவு என்று, தொழிலாளரை மேய்க்கும் கங்காணிக்குத் தனிக்காசு கொடுக்கும் வழக்கம் இருந்தது. வந்த தலைகளின் எண்ணிக்கையைச் சொல்பவருக்கே அந்த எண்ணிக்கை கூடினால் வருமானமும் கூடும். ஆகவே பேர் எடுப்பவர் ஒருவர், செக்ரோல் எழுதுபவர் ஒருவர், சம்பளத்தைக் கையில் கொடுப்பவர் மூன்றாமவர் என்று பிரித்து வைப்பதே பாதுகாப்பு. உள்கட்டுப்பாடு என்று தொழில்நூல்கள் சொல்வது இதைத்தான். 1951இல் ஊழியர் சேமநிதி வந்தபின் தணிக்கையாளருக்கு இன்னொரு சான்றும் கிடைத்தது: செக்ரோலில் உள்ள பெயர் சேமநிதிச் சந்தாப் பட்டியலில் இல்லையென்றால் கேள்வி கேட்க வேண்டியதுதான். நிறுவனத்துக்கு வெளியே பிறந்த சான்று உள்ளே எழுதிய சான்றை விட வலுவானது என்பது தணிக்கையின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

தணிக்கையாளர் எவ்வளவு தோண்ட வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தவை நீதிமன்றங்கள். 1896இல் கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கில், ஐயத்துக்குக் காரணம் இல்லாதபோது மேலாளர் கொடுத்த சரக்குச் சான்றைத் தணிக்கையாளர் நம்பலாம் என்று ஆங்கிலேய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நாற்பதாண்டுக்கு மேல் இது வசதியான நிழலாக இருந்தது. 1938இல் அமெரிக்காவில் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் மருந்துக் கம்பெனியின் கணக்கில் இருந்த சரக்கில் ஒரு பகுதி உலகிலேயே இல்லை என்று தெரியவந்ததும் அந்த நிழல் போயிற்று. கிடங்குக்குப் போய்ச் சரக்கெண்ணும்போது உடன் நிற்பதும், கடனாளிக்கு நேரடியாக எழுதி நிலுவையை உறுதிப்படுத்துவதும் வழக்கமான கடமைகளாயின.

மலாயாவில் தொழில் அமைப்பு விடுதலைக்குப் பின்னரே உருவானது. சான்றிதழ் பெற்ற பொதுக் கணக்கர்களின் சங்கம் 1958இல் தோன்றியது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் மலேசியக் கணக்கர் கழகத்தை நிறுவியது. ஆனால் அது முனைப்புடன் இயங்கத் தொடங்கியது 1987இல்தான். 1965ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் ஐம்பதாண்டு ஆண்டபின், 2016ஆம் ஆண்டுச் சட்டம் 2017 ஜனவரி 31 முதல் அதன் இடத்தைப் பிடித்தது. கம்பெனித் தணிக்கையில் கையெழுத்திட, கழக உறுப்பினராக இருப்பது மட்டும் போதாது. நிதியமைச்சரின் அங்கீகாரமும் வேண்டும். பொதுமக்களின் நலன் தொடர்பான கம்பெனிகளில் ஒரே பங்காளர் ஏழாண்டுக்கு மேல் தொடர்ந்து தணிக்கைப் பொறுப்பில் நீடிக்க முடியாது.

இன்றைய நடைமுறை அனைத்துலகத் தணிக்கைத் தரங்களைப் பின்பற்றுகிறது. பணியை ஏற்குமுன் தணிக்கையாளர் தம் சார்பின்மையைச் சோதிக்கிறார்; பிறகு பொறுப்புகளை வரையறுக்கும் ஒப்பந்தக் கடிதம். எவ்வளவு பெரிய பிழை வாசகரின் முடிவை மாற்றும் என்று ஓர் அளவு குறிக்கப்படுகிறது. அதற்குக் கீழான சில்லறைப் பிழைகளைத் துரத்துவதில்லை. இடர் மிகுந்த இடங்களில் சோதனை கூடும். இன்று ஜாசின் மாவட்டத்தில் ரப்பர் இருந்த நிலம் பலவற்றில் செம்பனை நிற்கிறது; அதன் கணக்கே இதற்கு நல்ல பயிற்சி. செம்பனை மரம் நிலையான சொத்து. தேய்மானம் கழிக்க வேண்டும். மரத்தில் தொங்கும் பழக்குலையோ உயிரியல் சொத்து. அதற்கு நியாய மதிப்புப் போட வேண்டும். வெட்டாத குலையை எண்ண வழியில்லை. எடை, எண்ணெய் அளவு, விலை மூன்றுமே நிர்வாகத்தின் மதிப்பீடு. தணிக்கையாளர் அந்த ஊகங்களைக் கடந்தகால விளைச்சலோடும் சந்தை விலையோடும் ஒப்பிட்டு, செய்த ஒவ்வொன்றையும் பணித்தாளில் எழுதி வைக்கிறார்.

மதிப்பீடு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சைம் டார்பியே சான்று. பக்குன் அணை உள்ளிட்ட திட்டங்களில் செலவு எல்லை மீறியதால் 96 கோடி ரிங்கிட்டுக்கு மேல் இழப்பு என்று 2010 மே மாதம் அது அறிவித்தது. பல ஆண்டு நீளும் ஒப்பந்தத்தில் இன்னும் எவ்வளவு செலவாகும் என்ற கணிப்பைப் பொறியாளரின் வாய்ச்சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. தணிக்கையின் பலவீனமான இடம் அதுவே.

முடிவில் வரும் கருத்து நான்கு வகை. குறையில்லாக் கருத்து, ஒரு விஷயம் தவிர மற்றவை சரி என்னும் வரையறைக் கருத்து, கணக்கே தவறான படம் தருகிறது என்னும் எதிர்மறைக் கருத்து, போதிய சான்று கிடைக்காததால் கருத்துச் சொல்ல மறுப்பது. குறையில்லாக் கருத்து வந்தால் தொழில் நன்றாக நடக்கிறது என்று பொருளில்லை. மலேசியத் தமிழருக்கு இந்த வேறுபாடு ஏட்டளவில் மட்டும் நிற்கவில்லை. 1980களில் தோட்டத் தொழிலாளர் உள்பட ஏறத்தாழ 66,000 பேர் பணம் போட்ட மைக்கா ஹோல்டிங்ஸ், 2010இல் பங்குக்கு 80 சென் என்ற விலைக்குக் கைமாறியது. சட்டப்படி ஆண்டுதோறும் தணிக்கை நடக்க வேண்டிய கம்பெனிதான் அதுவும். முதலீடு புத்திசாலித்தனமானதா என்று தணிக்கை அறிக்கை சொல்வதில்லை. அதைக் கேட்கும் இடம் ஆண்டுப் பொதுக்கூட்டம்.

கூட்டுறவுக்கு வேறு பாதை. காலனிக் காலத்தில் தோட்டங்களில் எழுந்த சிக்கன நாணயச் சங்கங்களைப் பதிவாளர் கண்காணித்தார். 1960இல் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளர் பணத்திலேயே வாங்க முயன்றது. 1986இல் வைப்புத்தொகை திரட்டிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டபோது, கணக்குக் கண்காணிப்பின் தளர்ச்சி வெட்டவெளிச்சமானது. 1993இல் புதிய கூட்டுறவுச் சட்டமும் 2008இல் கூட்டுறவு ஆணையமும் வந்தன.

பெரிய ஊழல்களும் சட்டத்தைத் தள்ளின. 1983இல் பூமிபுத்ரா வங்கியின் ஹாங்காங் கிளைக் கம்பெனிக் கணக்கைச் சோதிக்கப் போன அதிகாரி ஜலீல் இப்ராஹிம் கொல்லப்பட்டார். அந்த விவகாரத்தைத் தலைமைக் கணக்காய்வாளராக இருந்த அகமது நூர்தின் தலைமையிலான குழு விசாரித்தது. பங்குச் சந்தைக் கம்பெனிகளின் தணிக்கையாளரையே சோதிக்கும் தணிக்கை மேற்பார்வை வாரியம் 2010 ஏப்ரலில் பிறந்தது. இருந்தும் அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியில் ஊழல் நடந்தது: அதன் கணக்கில் தாங்கள் முன்பு கையெழுத்திட்ட அறிக்கைகளை இனி நம்ப வேண்டாம் என்று டெலாய்ட் 2016இலும், கேபிஎம்ஜி 2018இலும் அறிவித்தன. 2021இல் இரு நிறுவனங்களும் தலா எட்டுக் கோடி அமெரிக்க டாலர் செலுத்த அரசுடன் இணங்கின. ஆவணம் ஒழுங்காக இருப்பதும் பணம் இருப்பதும் வேறு வேறு என்பது மெக்கெசன் காலத்துப் பாடம். அதை எண்பதாண்டுக்குப் பின் இவ்வளவு விலை கொடுத்து மறுபடி படிக்க வேண்டியதாயிற்று.

சிறிய கம்பெனிகள் பக்கம் சட்டம் எதிர்த்திசையில் நகர்ந்துள்ளது. வருமானம், சொத்து, ஊழியர் எண்ணிக்கை என்ற மூன்றில் இரண்டு வரம்புக்குள் இருக்கும் தனியார் கம்பெனிக்குத் தணிக்கை விலக்கு 2025இல் விரிவானது. படிப்படியாக உயர்ந்து, 2027இல் அந்த வரம்பு 30 லட்சம் ரிங்கிட் வருமானம், 30 லட்சம் ரிங்கிட் சொத்து, 30 ஊழியர் என்றாகும். செர்காம், மெர்லிமாவ் போன்ற சிறு பட்டணங்களின் குடும்பக் கம்பெனிகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். ஆயினும் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு வைத்திருப்பவர் எழுத்தில் கேட்டால் தணிக்கை நடத்தியே ஆக வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களுக்கும், 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான கோயில் நிர்வாகங்களுக்கும் இந்த விலக்கு பொருந்தாது. கோயில் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்களிலிருந்து உட்கணக்காய்வாளர் தேர்ந்தெடுக்கப்படும் வழக்கம் தொடர்கிறது.