பின்னோக்கியும் ஓடும் கட்டங்கள்

ஞாயிறு பதிப்பில் குறுக்கெழுத்துக் கட்டத்தைப் பார்த்ததும் ஈப்போவில் எத்தனையோ பேருடைய கை பேனாவைத் தேடும். “வலமிருந்து இடம்”, “கீழிருந்து மேல்” என்ற குறிப்புகள் நமக்குப் பழகிப்போனவை. ஆங்கிலக் குறுக்கெழுத்தில் இந்த இரண்டு திசைகளும் பொதுவாகக் கிடையாது.

கட்டத்துக்குள் எழுத்தை அடுக்கும் ஆசை மிகப் பழையது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்தில், எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே வரும் ஐந்துக்கு ஐந்து எழுத்துச் சதுரம் கிடைத்திருக்கிறது. தமிழில் ஞானசம்பந்தர், கடைசியிலிருந்து திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றுப் பதிகம் பாடினார். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சருப்பதோபத்திரத்துக்கு இலக்கணமே வகுத்தது: நான்கு வரி, வரிக்கு எட்டெழுத்து, நாலா திசையில் படித்தாலும் பாட்டு மாறக்கூடாது.

இன்றைய விளையாட்டு பிறந்ததோ ஒரு பத்திரிகைப் பக்கத்தை நிரப்புவதற்காக. லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின், 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் வைர வடிவக் கட்டம் ஒன்றைப் போட்டார். அவர் வைத்த பெயர் ‘வேர்ட் கிராஸ்’; சில வாரங்களில் அச்சுக்கூடத்தில் அது தலைகீழாகி, அப்படியே நிலைத்துவிட்டது. 1924இல் சைமன், ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் பென்சிலோடு சேர்த்துப் புதிர்ப் புத்தகம் விற்றார்கள். அமெரிக்காவுக்குப் பித்துப் பிடித்தது. அதைக் கண்டித்து எழுதிய லண்டன் ‘டைம்ஸ்’ ஏடே 1930 பிப்ரவரி 1 முதல் தன் பக்கத்திலும் கட்டம் வரைந்தது.

1930களில் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடன் பரிசோடு குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா போன்ற கப்பல்கள் பினாங்குக்கு ஆட்களைக் கொண்டுவந்த காலம் அது. தமிழ் அச்செழுத்தும் அதே கடல்வழியில் வந்து, பிறையில் ரயிலேறி, பேராக் தோட்டத்து வாத்தியார், கிராணி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆங்கிலக் கட்டத்தைத் தமிழுக்கு அப்படியே மாற்ற முடியாது. அங்கே எழுத்து 26, இங்கே 247. சிக்கல் எண்ணிக்கையோடு முடிவதில்லை. மரம், பால், மீன், தோட்டம் என்று எழுதிப் பாருங்கள்: நம் சொற்கள் ம், ல், ன் என்று மெய்யில் முடிய விரும்புகின்றன, மெய்யில் தொடங்குவதோ இல்லை. ‘மரம்’ முடிந்த கட்டத்திலிருந்து கீழே எந்தச் சொல்லும் புறப்படாது. ஆனால் அங்கே வந்து முடியும்படி ‘பழம்’ என்பதைக் கீழிருந்து மேலாக எழுதினால் இரண்டும் ‘ம்’மில் வந்து கைகோக்கும். திசைகள் நான்கானதற்கு இந்த இலக்கணமே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. எழுத்துகளைக் கலைத்துப் போட்டு “குழம்பியிருக்கிறது” என்று எழுதும் சலுகையும் இந்த நெருக்கடியில் பிறந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

போரிலும் இந்தக் கட்டத்துக்கு வேலை வந்தது. 1942 ஜனவரி 2இல் கம்பார் சண்டை முடிந்து பேராக் ஜப்பானியர் வசமாகிக்கொண்டிருந்தது. அதே மாதம் லண்டனில் ‘டெய்லி டெலிகிராப்’ தன் புதிரை 12 நிமிடத்தில் முடிக்கும் போட்டி வைத்தது; அதில் தேறிய சிலரைப் போர்த்துறை ரகசியக் குறியீடுகளை உடைக்கும் வேலைக்கு அழைத்துக்கொண்டது.

இந்தியாவில் வேறு கதை. “உழவர் வேண்டுவது: _ரம்” என்று குறிப்பு வந்தால் உரமா, வரமா? இரண்டும் பொருந்தும், ஆசிரியரின் உறைக்குள் இருப்பதே வெல்லும். அறிவுப் போட்டி இப்படிச் சூதாட்டத்தின் பக்கம் சாய்ந்தது. 1955இல் வந்த பரிசுப் போட்டிச் சட்டம் மாதப் பரிசை 1000 ரூபாய்க்கும் நுழைவுகளை 2000க்கும் கட்டுப்படுத்தியது.

பரிசு சுருங்கினாலும் கட்டம் பயணத்தை நிறுத்தவில்லை. கலிபோர்னியாவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன், குறிப்புக்குள்ளேயே விடையை ஒளிக்கும் பிரிட்டிஷ் பாணியில் தமிழ்ப் புதிர்கள் அமைத்தார். அந்தப் பாணிக்கு நானே ஓர் உதாரணம் தருகிறேன்: “தலையிழந்த நகரத்தின் கை (3)”. நகரத்தின் முதல் எழுத்தை வெட்டுங்கள்; மிச்சம் ‘கரம்’. ஒரு சொல்லின் எழுத்துகளை இப்படி ஒவ்வொன்றாக நீக்கிப் புதுப்பொருள் காண்பதை நம் அணி இலக்கணம் அக்கரச் சுதகம் என்று ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறது.