தோட்டத்து டென்னிஸ் திடலும் உழைத்த உடலும்

மலேசியத் தமிழரின் தோட்ட வரலாற்றை ஆராய்ந்தோர் ஊதியம், குடியிருப்பு, கல்வி, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளனர். உடற்பயிற்சி யாருக்கு உரியதாக இருந்தது என்னும் வினாவோ அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. கோலசிலாங்கூர் முதல் ராசா வரையிலான தோட்டப் பகுதியை முன்வைத்து அவ்வினாவை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புல்தரை டென்னிஸ் 1874இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. பின்னர்க் காலனிய ஆட்சியினருடன் மலாயாவிற்கு வந்தது. வெப்பமண்டலத்தில் வாழும் ஐரோப்பியர் நலமுடன் இருக்க நாள்தோறும் உடற்பயிற்சி தேவை என்னும் நம்பிக்கை அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. இதனை ஜான் புட்சர் 1979இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். துரைமார் கிளப்புகளில் டென்னிஸ் திடல்கள் இடம்பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணம். நடுவயதுத் துரைக்கு மாலை ஆட்டம் பொழுதுபோக்காகவும் மருந்தாகவும் அமைந்தது.

லயத்து மக்களின் நிலை வேறு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்தனர். கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் வணிக அளவிலான செம்பனைப் பயிரிடல் தொடங்கியபின், கனத்த குலைகளைச் சுமக்கும் வேலையும் சேர்ந்தது. அவ்வுடல்கள் ஓயாது இயங்கின. எனினும் அவ்வியக்கத்தில் ஓய்வும் விருப்பமும் இல்லை. தோட்டங்களில் பந்துத் திடல்கள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் இளைஞர்க்கே பயன்பட்டன. நடுவயதினருக்கு உழைப்பே பயிற்சி எனக் கருதப்பட்டது.

1980களுக்குப் பின் பல தோட்டங்கள் நகரியங்களாயின. மக்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்திற்கும் பெயர்ந்தனர். உழைப்பு நின்றது, அதன் இடத்தை நிரப்பும் விளையாட்டு மரபு அவர்களிடம் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியப் பெரியவர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடு, நாட்டின் சராசரி 18.3 விழுக்காடு. உணவும் மரபுக்கூறும் இதற்குக் காரணங்களே. ஆயினும் உடலியக்கம் குறைந்ததைப் புறக்கணிக்க இயலாது.

கோப்பன்ஹேகன் நகரில் ஏறத்தாழ 8,500 பேரைக் கால் நூற்றாண்டு வரை தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வு, உடலியக்கமற்றோரை விட டென்னிஸ் ஆடுவோர் சராசரியாக 9.7 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர் என்கிறது. பூப்பந்துக்கு அது 6.2 ஆண்டுகள். இவ்வேறுபாட்டிற்கு ஆட்டம் மட்டுமே காரணம் என்று கொள்ளலாகாது. ஓய்வும் வசதியும் உடையோரே டென்னிஸ் திடலை அடைகின்றனர் என்பதையும் கருத வேண்டும்; தோட்ட வரலாறு காட்டுவதும் இதுவே.

எனவே, நடுவயதில் உடல்நலம் பேணுவதைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் கருதுவது பொருந்தாது. விளையாடுவதற்கான நேரமும் இடமும் ஒரு சமூகத்திற்கு எப்போது கிடைத்தன, எப்போது மறுக்கப்பட்டன என்பதும் வரலாறேயாகும். தோட்டத்தில் வாழ்ந்த மூத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் உழைப்பு, ஓய்வு, ஆட்டம் பற்றிய வாய்மொழிச் செய்திகளைத் தமிழாசிரியர்கள் மாணவர் துணையுடன் திரட்டுவது காலத்தின் தேவையாகும்.