டவுன் பஸ்ஸில் ஒரு ஞாயிறு

போன ஞாயிறு அம்மாவைக் கூட்டிட்டு ராயபுரத்துல இருந்து டவுன் பஸ்ல ஊர் சுத்தினேன். பனியன் கம்பெனியில 20 வருஷமா செக்கிங் வேலை பார்க்கிற அவங்களுக்குத் தெரிஞ்ச ரூட், வீடும் கம்பெனியும்தான்.

கோவை வட்டாரத்துக்கு 1972-ல் சேரன் போக்குவரத்துக் கழகம் வந்தது. ஆனா சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லைன்னு ஆனது 2021 மே மாதத்தில்தான். அதுவரைக்கும் வேலைக்குப் போகவே காசு எண்ணணும். ஊர் பார்க்க எங்க போறது?

முதல்ல ஸ்டேஷன் பக்கம், குமரன் நினைவிடம். சென்னிமலையில் பிறந்து, இங்கே பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். 1932 ஜனவரி 10 ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. கொடியை விடாமல் விழுந்தவர், மறுநாள் இறந்தார். வயசு 27. “நம்மளாட்ட மில்லு வேலைக்காரரா கண்ணு?”ன்னு அம்மா கேட்டாங்க. அவங்களுக்கு அதுவரை அவர் ஒரு ரோட்டுப் பேரு.

அடுத்து நொய்யல் பாலம். சாயக்கழிவு ஆத்துல கலந்ததால, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. “அப்ப எங்களுக்கும் வேலை இல்லாமப் போச்சு”ன்னாங்க. நான் தீர்ப்பைப் படிச்சிருந்தேன். அம்மா அதை வாழ்ந்திருந்தாங்க.

கடைசியா அவிநாசி பஸ் ஏறி திருமுருகன்பூண்டி. சுந்தரர் வழிப்பறியில் இழந்த பொருளைப் பாடியே திரும்ப வாங்கினார்னு சொல்ற கோயில்.

“அடுத்த ஞாயிறு ஓவர்டைம் இருக்குது. அதுக்கடுத்த வாரம் போலாமா?”ன்னு அம்மாதான் கேட்டாங்க.