கண்ணாடித் தகடுகளில் காக்கப்பட்ட கட்டிடங்கள்

1858ஆம் ஆண்டு ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரப் பேராலயத்தை அளந்து வரைபடமாக்கும் பணி அல்பிரெக்ட் மைடென்பாவர் என்ற இளம் கட்டிடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு அப்போது 24 வயது. உயரத்தில் நின்று அளந்துகொண்டிருந்தவர், கீழே விழுந்து உயிர்விடும் நிலையிலிருந்து மயிரிழையில் தப்பினார். கையால் அளப்பதை விட்டுப் புகைப்படத்திலிருந்தே அளவுகளைப் பெறலாகாதா என்ற எண்ணம் அவருள் எழுந்தது அதன் பின்னர்தான்.

அளவு தெரிந்த கட்டிடத்தைக் கண்ணுக்குத் தெரிகின்றபடி வரைவது ஓவியருக்குப் பழகிய வழி. மைடென்பாவர் அதைத் தலைகீழாக்கினார். ஒரே கட்டிடத்தை வெவ்வேறு இடங்களில் நின்று படமெடுத்தால், அப்படங்களிலிருந்து கோணங்களைக் கணித்து, கட்டிடத்தின் ஒவ்வொரு புள்ளியும் இருக்கும் இடத்தை அறியலாம் என்றார்.

இதற்கு ஒரு தடை இருந்தது. பழைய நகரங்களின் ஒடுங்கிய தெருக்களில் பின்னால் விலகி நிற்க இடமில்லை; சாதாரண வில்லைக்குள் கோபுரம் முழுமையாக அடங்காது. 1865இல் எமில் புஷ் நிறுவனம் வெளியிட்ட 'பன்டொஸ்கோப்' வில்லை இத்தடையை நீக்கியது. 100 பாகைக்கும் கூடிய பரப்பை அது ஒரே பார்வையில் அடக்கியது. 1867இல் ஃப்ரைபேர்க் நகரத் தேவாலயத்தை மைடென்பாவர் இந்த வில்லை பொருத்திய கெமராவினால் பதிவுசெய்தார்.

அகன்ற கோண வில்லை உருவத்தைத் திரிக்கிறது என்பது பொதுவான குற்றச்சாட்டு. படத்தின் ஓரங்கள் நீண்டு தெரிவது உண்மைதான். ஆனால் நல்ல வில்லையில் அந்த நீட்சியும் ஒரு கணித விதிக்குக் கட்டுப்பட்டது. விதி தெரிந்தவருக்கு அது திரிபல்ல, அளவு. தூண்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயாதிருக்க, கெமராவை அண்ணாத்திப் பிடிக்காமல் தகட்டைச் செங்குத்தாகவே நிறுத்தி, வில்லையை மட்டும் மேலே உயர்த்தினர். துவாரம் சிறியதாகையால் ஒளி உட்புக நீண்ட நேரம் எடுத்தது. கட்டிடம் அசையாது, காத்திருக்க முடிந்தது.

1885இல் மைடென்பாவரின் தலைமையில் பேர்லினில் இதற்கென அரச நிறுவனமொன்று தோன்றியது. 1920 அளவில் அங்கு சுமார் 20,000 தகடுகள் சேர்ந்திருந்தன. அவற்றுட் பல நாற்பது சென்ரிமீற்றர் சதுரக் கண்ணாடிகள். இந்நிறுவனத்தார் ஜேர்மனிக்கு வெளியேயும் சென்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் லெபனானின் பால்பெக் இடிபாடுகளையும், அன்று பள்ளிவாசலாக விளங்கிய இஸ்தான்புல்லின் அயா சோஃபியாவையும் பதிவுசெய்தனர்.

மைடென்பாவர் 1921இல் காலமானார். இரண்டாம் உலகப் போரில் பேர்லினின் பிரெஞ்சுப் பேராலயக் கோபுரம் எரிந்து சிதைந்தது. பல பத்தாண்டுகளின் பின் அதை மீளக் கட்டியெழுப்பியபோது, 1880களில் அவர் எடுத்த படங்களிலிருந்தே அளவுகள் பெறப்பட்டன.

இடிந்த பின் எந்தக் கெமராவாலும் ஒரு கட்டிடத்தை அளக்க முடியாது. அது நிமிர்ந்து நிற்கும் காலத்திலேயே எவரேனும் அதன் முன் பொறுமையோடு நின்றிருக்க வேண்டும்.